வெண்பனியில் சைக்கிள்: தூத்துக்குடிக் கடற்கரைக்கு ஒரு திறந்த மடல்

தூத்துக்குடி, திரேஸ்புரம், முத்தையாபுரம், பழையகாயல், காயல்பட்டினம், வேம்பார் முதலான ஊர்களின் மக்களுக்கு,

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஆண்டுக்குச் சராசரியாக 210 சென்டிமீட்டர் பனி விழுகிறது. நவம்பர் கடைசியில் தரையில் தங்கத் தொடங்கும் பனி ஏப்ரல் தொடக்கம் வரை கிடக்கும். ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி, 15 டிகிரி என்பது வழக்கமான குளிர். 25 டிகிரிக்கும் கீழே இறங்கும் நாட்களும் உண்டு. இந்த மாதங்களிலும் அந்த நகரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்கும் கல்லூரிக்கும் போகிறார்கள். படிக்க வந்த மாணவர்கள், உணவகச் சமையலறைகளில் வேலை செய்கிறவர்கள், ஆய்வுக்கூடங்களுக்குப் போகிறவர்கள் என்று அவர்களில் தமிழர்களும் இருக்கிறார்கள்.

பிள்ளையை அங்கே அனுப்பிவிட்டு, பனியில் நிற்கும் சைக்கிளின் படத்தைக் கைப்பேசியில் பார்க்கும் வீட்டாருக்கு முதலில் வருவது பயம். அந்தப் பயம் நியாயமானது. பனியில் வழுக்கி விழுந்து எலும்பு முறிவது நடக்கிற காரியம்தான். ஆனால் குளிர்காலத்தில் சைக்கிள் ஓட்டுவதை அசாத்தியத் துணிச்சலாகவோ முரட்டு உடம்புக்காரர்களின் பொழுதுபோக்காகவோ எண்ண வேண்டியதில்லை. பனி நின்று எத்தனை மணி நேரத்துக்குள் சைக்கிள் பாதை சுத்தமாகிறது என்ற ஒரே கேள்விக்கான பதிலில்தான் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. உடை, டயர், பழக்கம் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

பனியின் அளவைத் தூத்துக்குடிக் கணக்கில் பார்த்தால் வியப்பாக இருக்கும். பொதுவாகப் பத்து சென்டிமீட்டர் புதுப்பனியை உருக்கினால் ஒரு சென்டிமீட்டர் நீர்தான் கிடைக்கும். மாண்ட்ரியலின் ஓராண்டுப் பனி முழுவதையும் உருக்கினாலும் ஏறக்குறைய 21 சென்டிமீட்டர் மழைக்கே சமம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் பதிவானது 95 சென்டிமீட்டர். நான்கு குளிர்காலங்களின் பனியை விட அதிகமான நீர் ஒரே நாளில் அந்த ஊரில் இறங்கியது. ஆக, பனி நகரத்தின் சிக்கல் நீரின் அளவில் இல்லை. மழைநீர் வழி கிடைத்தால் ஓடிவிடும். பனி விழுந்த இடத்திலேயே கிடக்கும். அடுத்த பனி அதன் மேல் விழும். பகலில் சற்று உருகி, இரவில் உறைந்து, மிதிபட்டு, வேறு வேறு பொருளாக மாறிக்கொண்டே இருக்கும்.

ஓட்டுகிறவருக்கு அந்த ஒவ்வொரு மாற்றமும் ஒரு தனிச் சாலை. பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியில் விழுந்த புதுப்பனி உலர்ந்து லேசாக இருக்கும்; ஐந்து சென்டிமீட்டர் வரை சாதாரண டயரே அதை அறுத்துக்கொண்டு போய்விடும். அழுந்தி இறுகிய பனி, குளிர் குறையாமல் இருக்கும்வரை நல்ல பிடிமானம் தரும். கார்கள் மிதித்துக் கிளறி உப்பும் கலந்த பனிதான் பாடுபடுத்தும். குதிரைமொழித் தேரியின் செம்மணலில் சைக்கிளை இறக்கியதைப் போல முன்சக்கரம் தன் போக்கில் திரும்பும், பெடல் எவ்வளவு மிதித்தாலும் வண்டி முன்னேறாது. அடுத்தது சேறாகக் குழைந்த பனி. அது இரவில் உறைந்தால், முந்தின நாள் டயர்த் தடங்கள் கல்லாகச் சமைந்து நிற்கும். அந்தப் பள்ளத்துக்குள் சக்கரம் மாட்டினால் திருப்புவது கடினம். எல்லாவற்றிலும் மோசமானது தார்ச்சாலையின் நிறத்திலேயே, கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் மெல்லிய பனிக்கட்டிப் படலம். மழையாக விழுந்து தரையைத் தொட்டதும் உறையும் மழையும் அங்கே உண்டு. 1998 ஜனவரியில் அப்படி நாள்கணக்கில் பெய்த உறைமழையில் மின்கோபுரங்களே பனிக்கட்டியின் எடை தாங்காமல் மடிந்து விழுந்தன. லட்சக்கணக்கான வீடுகள் இருளில் கிடந்தன.

வெளியூரார் நினைப்பதற்கு மாறாக, கடுங்குளிர் நாள் ஓட்டுவதற்கு எளிது. பூஜ்யத்துக்குச் சற்று மேலும் கீழும் தள்ளாடும் நாள்தான் ஆபத்தானது. டிகிரி எண் மட்டும் பார்த்துக் கவலைப்படும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது: மைனஸ் 15 என்று மகள் சொன்ன நாளை விட, இன்று குளிர் குறைவு என்று சொன்ன நாளில்தான் அவள் அதிகக் கவனமாக இருக்க வேண்டும்.

மாண்ட்ரியல் மாநகராட்சி பனியை எதிர்கொள்ளும் முறை ஒரு பெரிய போர்ப்படையின் ஒழுங்கோடு நடக்கிறது. சாலைகளும் நடைபாதைகளும் சேர்ந்து சுமார் 10,000 கிலோமீட்டர். அவற்றில் பனி அகற்ற ஏறக்குறைய 3,000 பேர் வேலை செய்கிறார்கள். முதலில் உப்பும் பொடிக்கல்லும் தூவுவார்கள். 2.5 சென்டிமீட்டர் சேர்ந்ததும் தகடு பூட்டிய வண்டிகள் பனியை ஓரமாகத் தள்ளும். 10, 15 சென்டிமீட்டரைத் தாண்டினால் ஓரத்தில் குவிந்ததை இயந்திரம் உறிஞ்சி லாரியில் கொட்டும். அதற்கு முன்னால் தெருத்தெருவாக ஒரு சங்கு ஒலிக்கும். ஓரத்தில் நிறுத்திய காரை எடுக்காதவர்களுக்கான கடைசி எச்சரிக்கை அது. எடுக்காவிட்டால் காரை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். லாரிகள் அந்தப் பனியைக் கொட்டும் இடங்களில் மிகப் பெரியது செயின்ட் மிஷேல் பகுதியிலுள்ள பிராங்கோன் என்னும் பழைய கல்குவாரி. அங்கே மலையாகக் குவியும் பனி வெயில்காலத்திலும் அழுக்கேறிய பனிக்குன்றாகக் கிடக்கும்.

சைக்கிள்காரருக்கு இதில் முக்கியமானது வரிசை. பெரிய சாலை, பேருந்துச் சாலை, மருத்துவமனைச் சாலை ஆகியவை முதலில். குடியிருப்புத் தெருக்கள் பிறகு. சைக்கிள் பாதை அந்த வரிசையில் எங்கே வருகிறது என்பதுதான் கேள்வி. வெறும் வெள்ளைக் கோடு போட்டுப் பிரித்த பாதையாக இருந்தால் அது பனிக்காலத்தில் மறைந்துவிடும். சாலையிலிருந்து தள்ளிய பனி அதன் மேல்தான் குவியும். கல்வரம்பு கட்டிப் பிரித்த பாதையானால் அதற்கென்று சிறிய வண்டி உள்ளே இறங்கிச் சுத்தம் செய்ய முடியும். 2020-இல் செயின்ட் டெனி தெருவில் திறந்த விரைவு சைக்கிள் பாதை இப்படிக் கட்டப்பட்டது. பனி விழுந்த மறுநாள் காலையில் காரோடும் சாலையை விட அந்தப் பாதை சுத்தமாக இருப்பதைப் பல முறை காணலாம். நகரத்தின் பொதுச் சைக்கிள் வாடகைச் சேவையான பிக்ஸி 2009-இல் தொடங்கியது. நெடுங்காலம் நவம்பரில் வண்டிகளை எடுத்து வைத்துவிட்டு ஏப்ரலில்தான் மீண்டும் இறக்கினார்கள். 2023-24 குளிர்காலத்தில்தான் முதன்முறையாக, ஆணி டயர் பூட்டிய வண்டிகளோடு, குறிப்பிட்ட நிலையங்களில் சேவையைத் தொடர்ந்து நடத்திப் பார்த்தார்கள். பாதை சுத்தமாகத் தொடங்கிய பிறகுதான் இந்தச் சேவை சாத்தியமாயிற்று, முன்னால் அல்ல.

இனி உப்பு. தூத்துக்குடி மக்களுக்குத் தெரிந்த பொருள் இது என்பதால் சற்று விரிவாகச் சொல்லலாம். இந்திய உப்பில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்தின் அளங்களில் விளைவது. தருவைகுளம், வேப்பலோடை, முத்தையாபுரம், முள்ளக்காடு, பழையகாயல், ஆறுமுகநேரி என்று கடற்கரை நெடுக வெள்ளைப் பாத்திகள். அங்கே வெயில் கடல்நீரை வற்ற வைத்து உப்பைத் தருகிறது. கனடாவில் உப்பு நிலத்தடியிலிருந்து வருகிறது. ஹியூரான் ஏரியின் கரையிலுள்ள காட்ரிச் என்ற ஊரில் 1866-இல் எண்ணெய் தேடிக் குழாய் இறக்கியவர்களுக்கு எண்ணெய்க்குப் பதில் உப்புப் படுகை தட்டுப்பட்டது. இன்று அங்கே ஏரிக்கு அடியில் அரைக் கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் இயங்கும் சுரங்கம், நிலத்தடி உப்புச் சுரங்கங்களில் உலகிலேயே பெரியது. நாடு முழுக்கச் சாலைகளில் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன் உப்பு கொட்டப்படுகிறது.

உப்பு பனியைச் சூடாக்குவதில்லை. நீர் உறையும் வெப்பநிலையைக் கீழே இறக்குகிறது, அவ்வளவுதான். நன்னீர் பூஜ்யத்தில் உறையும். நூற்றுக்கு 23 பங்கு உப்புக் கரைந்த நீர் மைனஸ் 21 டிகிரி வரை உறையாது. குச்சி ஐஸ் செய்கிறவர்கள் ஐஸ்கட்டியோடு உப்பைக் கலப்பதும் இந்தக் குணத்தை நம்பித்தான். ஆனால் சாலையில் அந்த அளவுக்குச் செறிவான உப்புநீர் உண்டாவதில்லை. மைனஸ் 10-ஐ நெருங்கும்போதே உப்பு மந்தமாகிவிடும். மைனஸ் 15-க்குக் கீழே தூவினால் கல்லைத் தூவியதற்கு மேல் பயனில்லை. அப்போது உண்மையிலேயே பொடிக்கல்லைத்தான் தூவுகிறார்கள். இன்னும் கடுங்குளிருக்குக் கால்சியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடும் பயன்படுகின்றன. உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் இருப்பதும் இந்த மக்னீசியம் குளோரைடுதான்.

உப்பால் வரும் கேடும் சிறிதல்ல. வசந்தத்தில் அத்தனை உப்பும் உருகிய நீரோடு ஏரிகளுக்கும் ஓடைகளுக்கும் கிணறுகளுக்கும் போய்ச் சேர்கிறது. நன்னீரில் வாழும் உயிர்களுக்கு அது நஞ்சு. கனடா அரசின் 2001-ஆம் ஆண்டு மதிப்பீடே சாலை உப்பைச் சூழலுக்குக் கேடு விளைவிக்கும் பொருள் என்று முடிவு செய்தது. 2004-இல் அதைக் குறைத்துப் பயன்படுத்துவதற்கான நெறிமுறை வந்தது. உப்பளத்துக்குப் பக்கத்துக் கிணறு கரிப்பதைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

சைக்கிளுக்கும் உப்பே முதல் எதிரி. மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் நிறுத்திய சைக்கிளின் செயின் எப்படிச் செம்பழுப்பாகும் என்பது கடற்கரை ஊரில் எல்லோருக்கும் தெரியும். உப்புக்காற்று ஆண்டுக்கணக்கில் செய்வதை உப்புச்சேறு சில வாரங்களில் செய்துவிடும். சக்கரம் சுழலும்போது அந்தச் சேறு செயின், பிரீவீல், பிரேக் கேபிள், போக்ஸ் கம்பி எல்லாவற்றிலும் தெறித்து ஒட்டுகிறது. அதனால்தான் அங்கே குளிர்காலத்துக்கு விலை குறைந்த பழைய வண்டியை ஒதுக்கி, நல்ல வண்டியை வீட்டுக்குள் வைத்துவிடுகிறார்கள். கியர் இல்லாத வண்டியோ, கியர் முழுவதும் சக்கரக் குடத்துக்குள் மூடியிருக்கும் வண்டியோ நெடுநாள் உழைக்கும். மட்கார்டு முழு நீளத்துக்கு, சக்கரத்திலிருந்து சற்று இடைவெளி விட்டு இருக்க வேண்டும். நெருக்கமாக இருந்தால் இடுக்கில் பனி அடைத்து உறைந்து சக்கரத்தையே நிறுத்திவிடும்.

செயினுக்கு எண்ணெய் போடுவதிலும் ஒரு விஷயம் உண்டு. கையில் கிடைத்த தேங்காய் எண்ணெயைச் செயினில் தடவுகிற பழக்கம் தூத்துக்குடி வெயிலில் ஓரளவு பலிக்கும். ஆனால் தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். மாண்ட்ரியல் குளிரில் மெழுகாகிவிடும். பிரீவீலுக்குள் உள்ள கெட்டி கிரீஸுக்கும் அதே கதி. உள்ளிருக்கும் சிறு நாக்குகள் கிரீஸில் ஒட்டிக்கொண்டு பல்லைப் பிடிக்காமல் விட்டுவிடும். பெடல் சுற்றும், சக்கரம் நகராது. குளிரிலும் இளகியிருக்கும் மெல்லிய எண்ணெயை இட்டால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே ஈரம் உறைந்தால் முதல் பிடியில் வண்டி நிற்காது. டிஸ்க் பிரேக், டிரம் பிரேக், பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பழைய பாணி பிரேக் ஆகியவை இதில் தேவலை. வெதுவெதுப்பான வீட்டுக்குள் நிறுத்திய வண்டியை ஈரத்தோடு வெளியே எடுப்பதும் தவறு. உள்ளே வடிந்த நீர் கேபிளுக்குள் உறைந்துவிடும். கொட்டகையிலோ வெளியிலோ குளிரிலேயே நிறுத்துவது நல்லது.

டயரே எல்லாவற்றிலும் முக்கியம். பனிக்கட்டியில் ஓட்டுவதற்கென்று ஆணி பதித்த டயர்கள் கிடைக்கின்றன. ரப்பருக்குள் புதைத்த கடினமான டங்ஸ்டன் கார்பைடு முனைகள், ஒரு டயரில் நூற்றுக்கு மேல், சிலவற்றில் இருநூறுக்கு மேலும், பனிக்கட்டியில் கொத்திப் பிடிக்கும். பின்லாந்தும் ஜெர்மனியும் இவற்றுக்குப் பேர்போனவை. மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். சைக்கிளுக்கு அப்படிச் சட்டமில்லை. ஆனாலும் காசு ஒரு டயருக்குத்தான் இருக்கிறது என்றால் முன்சக்கரத்துக்கு வாங்க வேண்டும். பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம். முன்சக்கரம் வழுக்கினால் விழுகிறோம் என்று உணரும் முன்பே கீழே கிடக்க வேண்டியதுதான். ஆணிகள் பனிக்கட்டிக்கு மட்டுமே உதவும். கிளறிய பனியில் அவற்றுக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. அங்கே காற்றைச் சற்றுக் குறைத்து, வேகத்தைத் தணித்து, ஹேண்டில்பாரை இறுக்காமல் பிடித்து, மிதிப்பதை நிறுத்தாமல் போக வேண்டும். பனிக்கட்டியின் மேல் பிரேக் பிடிக்கவோ திரும்பவோ கூடாது. அந்த வேலைகளை அதற்கு முன்னும் பின்னும் முடித்துக்கொள்ள வேண்டும். சீட்டைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் இரு கால்களும் தரைக்கு எட்டும். மின்சார சைக்கிள் வைத்திருப்பவர்கள் பேட்டரியை மட்டும் கழற்றி வீட்டுக்குள் வைக்க வேண்டும். குளிரில் அது ஓடும் தூரம் குறையும், உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் பழுதாகும்.

உடம்பைப் பொறுத்தவரை, குளிரை விட வியர்வையைக் கண்டு பயப்பட வேண்டும். முதல் முறை ஓட்டுகிறவர் தடித்த கோட்டுக்குள் புகுந்து புறப்படுவார். பத்து நிமிடத்தில் உள்ளே நனைந்துவிடுவார். சிக்னலில் நிற்கும்போது அந்த ஈரம் குளிர்ந்து நடுக்கும். மெல்லிய உடைகள் இரண்டு மூன்றை அடுக்கி, உள்ளே கம்பளி, மேலே காற்றுப் புகாத ஒன்று என்று போட்டுக்கொண்டு, வாசலில் சற்றே குளிரும்படி புறப்பட வேண்டும். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைப்பதால் உள்ளுடைக்கு ஆகாது. ஊரிலிருந்து அனுப்பும் நல்ல பருத்திச் சட்டைகளுக்கு அங்கே வெயில்காலத்தில்தான் வேலை. கை விரல்கள், கால் விரல்கள், காது, மூக்கு ஆகியவையே முதலில் மரத்துப்போகும். ஹேண்டில்பாரின் மேலேயே பூட்டி, கையை உள்ளே நுழைத்துக்கொள்ளும் தடித்த உறைகள் விலையுயர்ந்த கையுறைகளை விடச் சூடு தரும்.

ஓட்டுகிறவர் தன் காற்றைத் தானே உண்டாக்குகிறார் என்பதையும் மறக்கக் கூடாது. கனடாவின் காற்றுக்குளிர்க் கணக்கின்படி, மைனஸ் 15 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று முகத்தில் பட்டால் தோல் உணர்வது மைனஸ் 24-க்குச் சமம். அசையாத காற்றில் அந்த வேகத்தில் சைக்கிள் ஓட்டினாலும் ஏறக்குறைய அதே நிலைதான். மைனஸ் 28-க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக்கூடும் என்று அந்நாட்டு வானிலைத் துறை எச்சரிக்கிறது. அப்படிப்பட்ட நாளிலும் புயல் நாளிலும் சைக்கிளை விட்டுவிட்டு மெட்ரோவில் போவதில் எந்தக் குறைவும் இல்லை. 1966-இல் திறந்த மாண்ட்ரியல் மெட்ரோ முழுவதும் சுரங்கத்துக்குள் ஓடுவதால் பனி அதைத் தொடுவதில்லை. பல ஆண்டுகளாகப் பனியில் ஓட்டுகிறவர்களே வானிலையைப் பார்த்துத்தான் வண்டியை எடுக்கிறார்கள்.

வெளிச்சமும் பார்க்க வேண்டியது. டிசம்பர் கடைசியில் மாண்ட்ரியலில் காலை ஏழரைக்கு விடிந்து மாலை நாலேகால் வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். தூத்துக்குடியில் ஆண்டின் மிகக் குறுகிய பகல்கூடப் பதினொன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. எனவே போவதும் திரும்புவதும் இருட்டில்தான் என்று வைத்துக்கொண்டு, முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம் பொருத்த வேண்டும்.

இவ்வளவையும் படித்த பிறகு இது ஒரு சிலரால் மட்டும் முடிகிற காரியம் என்று தோன்றலாம். அந்த எண்ணத்தை மாற்றும் ஊர் பின்லாந்தின் ஓவ்லு. வட துருவ வட்டத்துக்குச் சற்றே தெற்கே, 65-ஆம் அட்சக்கோட்டில், போத்னியா வளைகுடாக் கரையில் உள்ள துறைமுக நகரம். மக்கள் தொகை இரண்டு லட்சத்துக்கு மேல். டிசம்பரில் பகல் மூன்றரை மணி நேரம்தான். ஆனாலும் அங்கே பள்ளிக் குழந்தைகளும் பாட்டிமார்களும் பனியில் சைக்கிளில் போகிறார்கள். பள்ளி முற்றங்களில் பனி மூடிய சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். பெரும்பாலோரிடம் இருப்பது சாதாரண வண்டிதான். நகரம் பல பத்தாண்டுகளாகக் காரோடும் சாலையிலிருந்து விலக்கிச் சைக்கிள் பாதைகளை அமைத்தது. பெரிய சாலைகளைச் சுரங்கப்பாதை வழியாகக் கடக்கச் செய்தது. முக்கியப் பாதைகளைக் காலையில் மக்கள் புறப்படும் முன்பே சுத்தம் செய்வதை ஒப்பந்தக்காரரின் கடமையாக்கியது. அங்கே குளிர் நிலையாக இருப்பதால் பாதைகளில் உப்பை நம்புவதில்லை. பனியை அழுத்தி, வரி வரியாகச் சீவி, இறுகிய வெண்தரையாக விட்டுவிடுகிறார்கள். தேவைப்பட்ட இடத்தில் பொடிக்கல் தூவுகிறார்கள். உப்பில்லாததால் செயினும் பிழைக்கிறது. குளிர்காலச் சைக்கிள் பயணத்துக்கான உலக மாநாடு 2013-இல் முதன்முதலாக நடந்தது இந்த நகரத்தில்தான். 2017-இல் அது மாண்ட்ரியலுக்கு வந்தது. ஓவ்லு முறையை மாண்ட்ரியலில் அப்படியே பின்பற்ற முடியாது. மாண்ட்ரியலின் குளிர் பூஜ்யத்தைச் சுற்றி ஏறி இறங்குவதால், அழுத்திய பனி அங்கே அடிக்கடி உருகிப் பனிக்கட்டியாகிவிடும். அத்தகைய ஊர்களுக்குச் சுவீடன்காரர்களின் முறை பொருந்தும்: சுழலும் துடைப்பத்தால் பனியைத் தரைவரை பெருக்கிவிட்டு, உப்பை நீரில் கரைத்துத் தெளிப்பது. பெருக்கிய பிறகு தெளிப்பதால் குறைந்த உப்பே போதும்.

சுவீடனின் கார்ல்ஸ்கூகா நகராட்சி பனி அகற்றும் வரிசையையே புரட்டிப் பார்த்தது. பெரிய சாலை முதலில், நடைபாதையும் சைக்கிள் பாதையும் கடைசியில் என்ற பழைய வழக்கத்தால் அதிகம் துன்பப்பட்டவர்கள் பெண்கள். ஏனெனில் நடந்தும் சைக்கிளிலும் பேருந்திலும் போகிறவர்களில் அவர்களே அதிகம். கார் சில சென்டிமீட்டர் பனியை மிதித்துக்கொண்டு போய்விடும், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்திருக்கும் தாயால் முடியாது. நகராட்சி வரிசையை மாற்றியது. பனியில் வழுக்கிக் காயப்பட்டு மருத்துவமனைக்கு வருவோரில் கார் ஓட்டியவர்களை விட நடந்து போனவர்களே அதிகம் என்பதால், இந்த மாற்றம் செலவைக் கூட்டுவதாகவும் இல்லை.

மாண்ட்ரியலின் பாதைகளும் தானாக வந்தவை அல்ல. 1975-இல் ராபர்ட் சில்வர்மன், கிளேர் மோரிசெத் முதலானோர் தொடங்கிய சைக்கிள் இயக்கம் ஆண்டுக்கணக்கில் தெருவில் இறங்கிப் போராடியது. நகரம் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் நடுவே உள்ள தீவு. அப்போது பாலத்தில் சைக்கிளுக்கு வழியில்லை. சில்வர்மன் விவிலியத்தின் மோசேயைப் போல் வேடமிட்டுக் கரையில் நின்று, ஆற்றைப் பிளந்து வழிவிடச் சொன்னார். மெட்ரோவில் சைக்கிளை ஏற்ற உரிமை கேட்டதும் அந்த இயக்கம்தான். இன்று நகரின் நடுவே செல்லும் மேசோன்னவ் சாலையின் சைக்கிள் பாதைக்கு மோரிசெத்தின் பெயர் வைத்திருக்கிறார்கள்.

தூத்துக்குடியில் பனி விழப்போவதில்லை. ஆனால் எந்தப் பாதையை முதலில் சீராக்குவது என்ற கேள்வி அங்கேயும் உண்டு. உப்பளத் தொழிலாளர்கள் வெயில் ஏறும் முன் வேலையை முடிக்க, இருட்டிலேயே சைக்கிளிலும் நடந்தும் அளத்துக்குப் புறப்படுகிறார்கள். துறைமுகத்துக்குப் போகும் சரக்கு லாரிகளும் கண்டெய்னர் வண்டிகளும் அதே சாலைகளில்தான் ஓடுகின்றன. விலையில்லா மிதிவண்டி பெற்ற பிளஸ் ஒன் மாணவி அதே சாலையின் ஓரத்து மணலில்தான் ஓட்டிப் பழகுகிறாள். 2023 வெள்ளத்தில் நகரின் தாழ்வான தெருக்களில் நாள்கணக்கில் நீர் நின்றபோது, எந்தத் தெருவின் நீரை முதலில் இறைப்பது என்று யாரோ ஒருவர் வரிசை போட வேண்டியிருந்தது. மாநகராட்சிக் கூட்டத்தில் அந்த வரிசையைப் பற்றிக் கேட்க ஊராருக்கு உரிமை உண்டு: லாரிச் சாலையின் ஓரத்தில் கல்வரம்பு கட்டிய சைக்கிள் வழி எப்போது வரும், அதற்கு விளக்கு யார் போடுவது, மழை நின்றால் முதலில் எது சுத்தமாகும் என்று. ஓவ்லுவும் கார்ல்ஸ்கூகாவும் விடை கண்டது இத்தகைய கேள்விகளுக்குத்தான்.

புதிதாகப் புறப்படும் பிள்ளைகளுக்குச் சில செய்திகள். செப்டம்பரில் வந்து சேர்கிறவர்கள் உடனே ஒரு பழைய சைக்கிளை வாங்கி, பனி விழும் முன்பே வழியைப் பழகிக்கொள்வது நல்லது. எந்தத் தெருவில் கல்வரம்புள்ள பாதை இருக்கிறது, குளிர்காலத்தில் சுத்தம் செய்யும் பாதைகள் எவை என்று மாநகராட்சி வெளியிடும் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். குறுக்குவழியை விடச் சுத்தமான சுற்றுவழி மேல். முதல் குளிர்காலத்தில் எல்லா நாளும் ஓட்ட வேண்டும் என்ற வீம்பு வேண்டாம். உப்புச்சேறு படிந்த வண்டியை முடிந்தபோதெல்லாம் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட வேண்டும். ஏப்ரலில் பனி கரைந்ததும் குளிர்காலம் முழுக்கத் தூவிய பொடிக்கல் பாதையெங்கும் கிடக்கும்; மாநகராட்சி அதைப் பெருக்கி முடிக்கும்வரை வளைவுகளில் அதுவும் வழுக்கும். அதற்குப் பிறகு ஆணி டயர்களைக் கழற்றி நிழலில் எடுத்து வைத்து, வண்டியை முழுதாகப் பிரித்து ஓவராயில் செய்ய வேண்டும். ஒரு குளிர்காலம் ஓடிய செயினையும் பிரேக் கேபிளையும் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டியிருக்கும். அந்தச் செலவு ஒரு மாதப் பேருந்துச் சீட்டின் விலைக்குள் அடங்கிவிடும்.

மாண்ட்ரியலிலிருந்து,
தூத்துக்குடிக்காரர் ஒருவர்